நூத்திப் பதினேழாவது ஜெபக்குறிப்பு

நோட்டு இருக்கும்மா. முதல்லயே சொல்லிடுதேன். போன திங்கக்கிழமை ஆசீர் அண்ணாச்சி வந்து கேட்டப்போ, "எங்கேயோ வச்சிட்டேன், தேடிக்கிட்டிருக்கேன்"ன்னு சொன்னேன். முப்பத்தஞ்சு வருஷம் பள்ளிக்கூடத்துல பொய் சொல்லக் கூடாதுன்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்த வாய் இது. கூசாமச் சொல்லிச்சு. உங்ககிட்ட அப்படிச் சொல்ல வரலை. நீங்க வாசல்ல நின்னு, "முத்துப்பேச்சி கேஸ் விஷயமா வக்கீல் ஆபீஸ்ல இருந்து வாரேன்"னு பேரைச் சொல்லிட்டீங்க. ரெண்டு மாசமா இந்த வீட்டுக்குள்ள அந்தப் பேரை யாரும் சத்தமாச் சொல்லலை.

உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுல அண்ணாச்சி உக்காந்திருந்தாங்க. இதுல உக்காருங்க. பால் இல்லை, கடுங்காப்பிதான். குடிப்பீங்கள்லா? நீங்க ரட்சிக்கப்பட்டிருக்கீங்களாம்மா? இல்லையா. சரி, கோவிச்சுக்கிடாதீங்க, யாரைப் பார்த்தாலும் கேட்டுருவேன். பஸ் கண்டக்டர்கிட்டக் கேட்டிருக்கேன். பல்லு பிடுங்கின டாக்டர்கிட்ட வாயில பஞ்சை வச்சுக்கிட்டே கேட்டிருக்கேன். வயலட் டீச்சர் வாரான்னா பாதிப் பேர் தெருவுக்கு எதிர்ப்பக்க வாடைக்குப் போயிருவாங்க. எனக்குத் தெரியும். சுவிசேஷத்துக்காக வெக்கப்படக் கூடாதுன்னு நானும் விடமாட்டேன்.

நோட்டைப் பத்திச் சொல்லணும்னா ஊழியத்தைப் பத்திச் சொல்லணும். சுருக்கமாச் சொல்லுதேன். நான் ரிட்டயர் ஆன வருஷம் எங்க கோயில் பெண்கள் ஐக்கியத்துல இருந்து ஏழு பேர் சேர்ந்து சனிக்கிழமைதோறும் கிராம ஊழியத்துக்குப் புறப்பட்டோம். வேன் ஆசீர் அண்ணாச்சி குடுத்தது. டீசலும் அவங்களே. மைக் செட்டும் அவங்க வாங்கித் தந்ததுதான். கோயில் நிர்வாகம் பார்க்கிற சேகரக் கமிட்டியில பெரிய ஆளு, நாலு இடத்துல உப்பளம் இருக்கு, ஆனா ஆராதனைக்கு அரை மணி நேரம் முந்தியே வந்து பாயை விரிச்சுப் போடுத மனுஷன். அவங்களைப் பத்தி நான் ஒரு குறை சொல்ல மாட்டேன். நீங்க எழுதிக்கிடுங்க, எழுதாமப் போங்க, அது உங்க இஷ்டம்.

அவங்க அளத்துல வேலை பார்க்கிற ஜனங்க குடியிருப்புக்குத்தான் முதல்ல போனோம். ரோட்டுல இருந்து உள்ளே ரெண்டு மைல். அண்ணாச்சியே சொல்லி அனுப்பினாங்க: "நம்ம அளத்து ஜனங்க ஒருத்தரும் அழிஞ்சு போயிரக் கூடாது டீச்சர்." அந்த வார்த்தையைக் கேட்டு அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துட்டு.

போனா முதல்ல பாட்டு. அப்புறம் கால் மணி நேரம் செய்தி. கடைசியில ஜெபக்குறிப்பு கேப்போம். யாருக்கு என்ன கஷ்டம், என்ன வேணும், எல்லாத்தையும் எழுதிக்கிட்டு வந்து வாரம் முழுக்க ஜெபிப்போம். அதுக்குத்தான் இந்த நோட்டு. பாருங்க, நம்பர், தேதி, பேரு, காரியம். கடைசிக் கட்டம் 'பதில்'. பதில் கிடைச்சா சிவப்பு மையில டிக் போட்டு, தேதி எழுதி, ஸ்தோத்திரம்னு எழுதிருவேன். வாத்திச்சி புத்தி. எதையும் திருத்தாம விட்டா தூக்கம் வராது.

இது சண்முகக்கனி புருஷன் குடியை விடணும்னு எழுதினது. இன்னும் விடலை. இது மாடத்தி மக கல்யாணம், டிக். இது நம்பர் தொண்ணூறு, பேச்சி. அவ முதல் குறிப்பு. ரேஷன் கடை மிஷின்ல அவ விரல் விழ மாட்டேங்குதுன்னு சொன்னா. ஏன்னு கேட்டதுக்குக் கையை நீட்டினா. பெருவிரல் தேய்ஞ்ச சோப்புக்கட்டி மாதிரி மொழுமொழுன்னு இருக்கு. பத்து வயசுல இருந்து உப்பு வாருதா, ரேகை எங்கே இருக்கும்? "நான் ஆளே இல்லைன்னு சொல்லுது டீச்சரம்மா அந்த மிஷினு"ன்னு சிரிச்சா. எதைச் சொன்னாலும் சிரிச்சுக்கிட்டே சொல்லுவா. மூணு மாசத்துல கண்ணைப் பார்க்கிற மிஷின் வந்துட்டு. டிக் போட்டேன். பேச்சிக்கு ஆச்சரியம் தாங்கலை. "ஏளா, டீச்சரம்மா நோட்டுல எழுதினா நடக்கு"ன்னு குடியிருப்பு முழுக்கச் சொன்னா. அதுக்கு அப்புறம் எங்க கூட்டத்துக்கு ஆள் கூடிட்டு.

நடுவுல இதையும் பார்த்துட்டீங்களா? நாப்பத்தொண்ணு. சரி, மறைக்க என்ன இருக்கு. முந்தி ஒரு ஐயர், பாதிரியாரை நாங்க அப்படித்தான் சொல்லுவோம், எங்க கோயில்ல இருந்தாங்க. சின்ன வயசு. ஏறினா எறங்கினா, ஜனங்க கூலி, ஜனங்க குடிதண்ணி, நோவுன்னே பிரசங்கம். ஆத்துமாவை மட்டும் கூப்பிட்டா உடம்பு எங்கே போகும்னு ஒருநாள் பலிபீடத்துல நின்னே கேட்டாங்க. எங்களுக்குப் பிடிக்கலை. ஆஸ்பத்திரி கட்ட ஆள் இருக்கு, சங்கம் வைக்க ஆள் இருக்கு, சுவிசேஷம் சொல்லத்தான் ஆள் இல்லைன்னு நாங்க நினைச்சோம். இப்பவும் அதுல பாதி சரின்னுதான் நினைக்கேன். அவங்களுக்கு வேற ஊர் கிடைக்கணும்னு எழுதி ஜெபிச்சேன். ஆறு மாசத்துல மாத்தல் வந்துட்டு. டிக்.

நூத்திப் பதினேழு அடுத்த பக்கத்துல இருக்கு. இருங்க, நானே திருப்புதேன்.

பங்குனி மாசம். உப்பு நல்லா விளையிற நேரம், வேலை ஜாஸ்தி. பாட்டு முடிஞ்சதும் பேச்சி எந்திரிச்சு வந்தா. "டீச்சரம்மா, ஒண்ணு எழுதணும். மோட்டார் ஷெட்டுல இருந்து கிணத்துக்குப் போற ஒயரு வரப்பு மேலயே கெடக்கு. மூணு எடத்துல தோலு உரிஞ்சிட்டு. டேப்பு சுத்தி வச்சிருக்கான். தண்ணி ஏறினா சுருக்குன்னு இழுக்கு. முந்தாநாளு மாடத்தியத் தூக்கிப் போட்டுட்டு."

"மேஸ்திரிகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னா, வேலைக்கு வாரியா வேண்டாமாங்கான்."

எழுதினேன். அவ சொன்னதை அப்படியே எழுதியிருக்கேன், பாருங்க, மூணு இடம், டேப், எல்லாம் இருக்கு. எழுதி முடிச்சதும் அவ, "எல்லாரும் கைநாட்டு வைக்கோம் டீச்சரம்மா"ன்னா. ஞாயிறு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நட்சத்திரம் குத்துற ஸ்டாம்ப் பேடு என் பையில எப்பவும் கிடக்கும். எடுத்து வச்சேன். வரிசையா வந்தாங்க. இருபத்திரண்டு பேர். ஒவ்வொரு கைநாட்டுப் பக்கத்துலயும் நான் பேரை எழுதினேன். முதல்ல இருக்கது பேச்சி.

நீங்க என்ன நினைக்கீங்கன்னு தெரியுது. இதுக்கு முந்தி நூத்திப் பதினாறு குறிப்பு எழுதியிருக்கேன், ஒருத்தரும் கைநாட்டு வைக்கேன்னு சொன்னதில்லை. அவங்க இதை மனுன்னு நினைச்சாங்க. நம்பர் இருக்கு, தேதி இருக்கு, எழுதுறது ஒரு டீச்சர், டீச்சர் எழுதினதுக்கு அப்புறம் ரேஷன் மிஷினே மாறியிருக்கு. வேற என்ன நினைப்பாங்க? எனக்கு அன்னைக்கு அது புரியலை. ஒருமனப்பட்டு ஜெபிக்க வாராங்கன்னு நினைச்சேன். கண்ணு கலங்கிட்டு.

இல்லை. இருங்க. அதை எழுதாதீங்க. பாதி புரிஞ்சுது. பேச்சி, "இதைக் கொண்டு போயிருவீங்கள்லா"ன்னு கேட்டா. நான், "கொண்டு போறேன், கவலைப்படாதே"ன்னேன். யார்கிட்டன்னு அவ கேக்கலை. நானும் சொல்லலை. கேக்காததுக்கு எதுக்குச் சொல்லணும்னு இருந்தேன்.

புறப்படும்போது வேன் வரைக்கும் வந்தா. அவகிட்ட நான் ஒரு வருஷமா ஞானஸ்நானத்தைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தேன். பிடி குடுக்க மாட்டா. அன்னைக்கு அவளே சொன்னா. "இந்த ஒயரு மட்டும் மாறட்டும் டீச்சரம்மா, நானும் எம் மகளும் உங்க கோயிலுக்கு வந்து முழுகிருதோம்."

வேன்ல வரும்போது எல்லாரும் பாடிக்கிட்டே வந்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் ஆசீர் அண்ணாச்சி வீட்டுல. நோட்டைத் திறந்து ஒவ்வொரு குறிப்பா வாசிச்சேன். நூத்திப் பதினேழு வந்துச்சு. அண்ணாச்சி எனக்கு நேர் எதிர்ல, கண்ணை மூடி, கையைக் கோத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஒயருன்னு வாய் வரைக்கும் வந்துட்டு. அவங்க வீட்டுல உக்காந்துக்கிட்டு, அத்தனை பேர் முன்னால, உங்க ஒயர் சரியில்லைன்னு எப்படிச் சொல்ல? நான் என்ன வாசிச்சேன்னா, "உப்பளத்தில் பாடுபடும் சகோதரிகளின் சரீரப் பாதுகாப்புக்காக." அவ்வளவுதான். அண்ணாச்சி எல்லாரையும் விடச் சத்தமா ஆமென் சொன்னாங்க. மனசாரச் சொன்னாங்கம்மா. அந்தச் சத்தம் இப்பவும் காதுல இருக்கு. முடிஞ்சதும் இட்லி, வடை. அவங்களே பரிமாறினாங்க. "டீச்சருக்கு இன்னொரு வடை வைங்க"ன்னாங்க. சாப்பிட்டேன்.

அப்போ சொல்லியிருக்கலாம். கையை அலம்பப் போகும்போது தனியா வராண்டாவுல நின்னாங்க. ரெண்டு வார்த்தை. "அண்ணாச்சி, அந்த ஒயரை மாத்திருங்க." மறுநாளே மாத்தியிருப்பாங்க, நல்ல மனுஷன். அதுதாம்மா காரியம். அவங்க மாத்தியிருப்பாங்கங்கிறதுதான் எனக்குத் தடையா இருந்துச்சு. உங்களுக்கு இது விளங்குமான்னு தெரியலை. பேச்சி கர்த்தர்கிட்ட ஒரு அடையாளம் கேட்டிருக்கா. நான் போய் முதலாளிகிட்டச் சொல்லி, முதலாளி ஆள் விட்டு மாத்தினா, அதுல கர்த்தருக்கு என்ன மகிமை? டீச்சர் சிபாரிசு பண்ணினான்னு ஆகும். அவரே அண்ணாச்சி உள்ளத்துல பேசணும். யாரும் சொல்லாம அந்த ஒயர் மாறணும். அதைப் பார்த்து இருபத்திரண்டு பேரும் வரணும். அப்படித்தான் நான் கேட்டேன். மத்தியானச் சாப்பாட்டை விட்டு இருபத்தொரு நாள் உபவாசம் இருந்து கேட்டேன். ஒயருக்காக என்னை மாதிரி யாரும் ஜெபிச்சிருக்க மாட்டாங்க.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பேச்சி கேப்பா. "நம்மது எந்த மட்டுல நிக்கி டீச்சரம்மா?" சும்மா சிரிச்சுக்கிட்டே, பிள்ளைக்கு மார்க் எவ்வளவுன்னு கேக்கிற மாதிரி. "நடக்கும், நம்பிக்கையா இரு"ன்னு சொல்லுவேன். தலையை ஆட்டிக்கிட்டுப் போயிருவா.

சித்திரை கடைசியில சங்கத்துக்காரர் ஒருத்தர் வந்தாரு. கந்தையான்னு பேரு. உப்பளத் தொழிலாளி சங்கம். கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதிக் கொண்டு வந்து, எல்லாரும் கையெழுத்துப் போடுங்க, நாளைக்கே குடுத்துருதேன்னு கேட்டிருக்காரு. இந்தப் பொம்பளைங்க என்ன சொல்லியிருக்காங்க தெரியுமா? "வேண்டாம் அண்ணாச்சி, நாங்க டீச்சரம்மாகிட்டக் குடுத்துட்டோம். ரெண்டு இடத்துல குடுத்தா டீச்சரம்மா வருத்தப்படுவாங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. சனிக்கிழமை நான் போனதும் பெருமையாச் சொன்னா பேச்சி.

அதைக் கேட்ட உடனேதான் எனக்கு மீதிப் பாதியும் புரிஞ்சுது. இனிமே புரியலைன்னு சொல்ல வழியில்லை. அந்த இடத்துலயே சொல்லியிருக்கணும்: ஏ பிள்ளைகளா, இது அந்த நோட்டு இல்லை, ஓடிப்போய் அந்த ஆளைக் கூப்பிடுங்க. சொல்லலை. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சும்மா. சங்கத்தை விட நம்மளை நம்பியிருக்காங்களேன்னு சந்தோஷம். மறுநாள் ஆராதனையில எந்திரிச்சு நின்னு சொன்னேன்: உப்பளத்து ஜனங்க உலகத்தாரோட மனுவைத் தள்ளிட்டு ஜெபத்தைத் தெரிஞ்சுக்கிட்டாங்கன்னு. கோயில் முழுக்க ஸ்தோத்திரம்னு ஒரு சத்தம். ஆசீர் அண்ணாச்சிதான் முதல்ல கையைத் தட்டினாங்க. எந்த மனு, எதுக்குன்னு யாரும் கேக்கலை. அவங்களும் கேக்கலை.

காப்பி ஆறிப் போச்சு, குடிங்க.

ஆடி மாசம் ரெண்டாவது வியாழக்கிழமை. காலையில ஏழு, ஏழரை இருக்கும். சண்முகக்கனி போன் பண்ணினா. பேச்சி தண்ணி பாய்ச்சப் போனா, வரப்புல கால் வழுக்கி ஒயர் மேல விழுந்துட்டா, தூக்கி எடுக்கதுக்குள்ள முடிஞ்சு போச்சுன்னு சொன்னா. முப்பத்துநாலு வயசு. மக பத்தாம் வகுப்பு படிக்கா.

வேனுக்குச் சொல்ல எனக்கு வாய் வரலை. பஸ்ல போய், அந்த ரெண்டு மைலும் நடந்து போனேன். போற வழியில மோட்டார் ஷெட்டுப் பக்கம் ரெண்டு ஆளுங்க புது ஒயரை இழுத்துக் கட்டிக்கிட்டிருக்காங்க. கறுப்பு ஒயர், தடியா, பளபளன்னு. கம்பு நட்டு உயரத்துல கொண்டு போறாங்க. நாலு மாசம் நான் முழங்கால்ல நின்னு கேட்ட ஒயர்.

குடியிருப்புக்குள்ள போனதும் வழி விட்டு நின்னாங்க. யாரும் என்னை ஏசலை. ஒரு வார்த்தை ஏசியிருந்தா நான் பிழைச்சிருப்பேன். மாடத்தி என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. "டீச்சரம்மா, நீங்களும் எத்தனை வாட்டிதான் அலைவீங்க எங்களுக்காக. நம்ம மனுவை எந்த ஆபீசரோ அமுக்கி வச்சுட்டான்"னு அழுதா. அப்புறம் பேச்சியைப் பார்த்துத் திரும்பிக்கிட்டு, மண்ணை அள்ளித் தூத்தினா. "பேப்பரை வாங்கி வச்சுக்கிட்டு இருந்தவன் கை வெளங்காமப் போகட்டும். அவன் கும்பிடுத சாமி அவனைக் கைவிடட்டும்." மத்தப் பொம்பளைங்களும் சேர்ந்துக்கிட்டாங்க. நான் நடுவுல நிக்கேன். மாடத்தி என் கையை விடவே இல்லை. அப்படிப் பிடிச்சுக்கிட்டேதான் அந்தச் சாபத்தைப் போட்டா. நோட்டு என் தோள்ல, பைக்குள்ள இருக்கு.

அன்னையில இருந்து எழுதப் பேனா எடுத்தா இந்தக் கை நடுங்குது. டாக்டர் சுகர்னு சொல்லுதாங்க. சுகராத்தான் இருக்கும்.

அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஜெபிக்கது எனக்கு நாப்பது வருஷப் பழக்கம். இப்பவும் எந்திரிக்கேன். முழங்கால் போட்டுக் கண்ணை மூடின உடனே கேக்கும். "நம்மது எந்த மட்டுல நிக்கி டீச்சரம்மா?" கோவமே இல்லை அந்தக் குரல்ல. அதே சிரிப்பு. கண்ணைத் திறந்துருவேன். முதல்ல பிசாசுன்னு நினைச்சு இயேசுவின் நாமத்துல போன்னு சொல்லிப் பார்த்தேன். போகலை. பிசாசுக்கு எதுக்கும்மா ஒயர் மாத்தணும்? இப்போ நான் கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் ஜெபிக்கேன். என்னன்னு ஜெபிக்கேன்னும் தெரியலை.

இன்னொண்ணு இருக்கு. அதை யார்கிட்டயும் சொல்லலை. பேச்சி ஞானஸ்நானம் வாங்காமப் போயிட்டா. அப்படிப் போறவங்க எங்கே போவாங்கன்னு என்னைக் கேட்டா நான் டக்குன்னு சொல்லுவேன். கண்டக்டருக்குச் சொன்னேன், பல் டாக்டருக்குச் சொன்னேன். பேச்சிக்குச் சொல்ல முடியலை. ஒயர் மாறினா வாரேன்னு சொன்னவ. ஒயரை மாத்த விடாம வச்சது நான். அப்போ அவ எங்கே இருக்கான்னு நான் யார்கிட்டப் போய்க் கேக்க?

அண்ணாச்சி வந்ததையும் சொல்லிடுதேன். பேச்சி போன பிறகு இந்தக் கைநாட்டுக் கதை அவங்க காதுக்கும் போயிருக்கு. வந்து அரை மணி நேரம் பேசினாங்க. பேச்சி மகளைத் தானே படிக்க வைக்கேன்னாங்க. செய்வாங்க, சொன்ன சொல் மாற மாட்டாங்க. அப்புறம், "ஜெப நோட்டு கர்த்தருக்கும் உங்களுக்கும் உள்ளது டீச்சர், கோர்ட்டுல கொண்டு போட்டு அவர் நாமத்தைத் தூஷிக்க விடக் கூடாது. என்கிட்டக் குடுங்க, பத்திரமா வைக்கேன்"னாங்க. புது டைரி ஒண்ணு கொண்டு வந்திருந்தாங்க. தோல் அட்டை போட்டது, அந்தா அலமாரியில இருக்கு. இனிமே அதுல எழுதணுமாம். அப்போதான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். ஜெபம் பண்ணிட்டுப் போனாங்க. நான் ஆமென் சொன்னேனா, சொல்லலையா, ஞாபகமில்லை.

ஒயர் நல்ல நிலையில இருந்துச்சு, யாரும் ஒரு குறையும் சொன்னதில்லைன்னு அவங்க தரப்புல எழுதிக் குடுத்திருக்காங்கன்னு சொன்னீங்களே. அவங்க பொய் சொல்லலைம்மா. அப்போ அவங்க காதுக்குப் போகலை. மேஸ்திரி சொல்லலை. நான் போக விடலை.

என்ன, கைநாட்டு மேல போனை வச்சுப் பக்கத்துல பக்கத்துல பிடிச்சுப் பார்க்கீங்க? முகம் சுருங்குதே. தெரியாதும்மா. நீங்க எவ்வளவு பெருசாக்கிப் பார்த்தாலும் ரேகை தெரியாது. நீலமா ஒரு சொட்டு, அவ்வளவுதான். இருபத்திரண்டும் அப்படித்தான் இருக்கும். எது மாடத்தி, எது சண்முகக்கனின்னு எந்த ஆபீசரும் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்துல நான் எழுதின பேர் இருக்கு. அதையும் நான் வந்து, ஆமா, இன்ன நாள், இன்ன இடம், என் முன்னால வச்சாங்கன்னு சொன்னாத்தான் உண்டு. இல்லைன்னா இது ஸ்டாம்ப் பேடைக் கொட்டின நோட்டு. சரிதானே?

நேத்து வரைக்கும் நான் இதைத்தான் யோசிச்சுக்கிட்டிருந்தேன். அண்ணாச்சி முகத்துல எப்படி முழிக்க, கோயில்ல என்ன சொல்லுவாங்க, வேனைத் திருப்பி வாங்கிருவாங்களோன்னு. அதெல்லாம் சின்னப் பயம். கோர்ட்டுக்கு அவங்க வருவாங்களா? அளத்துப் பொம்பளைங்க. இருபத்தொரு பேரும் வருவாங்களா?

வருவாங்க. வரத்தான் செய்வாங்க. பேச்சிக்காகன்னா வராம இருப்பாங்களா. மாடத்தி முன்வரிசையில உக்காருவா. நான் கூண்டுல ஏறினதும் நம்ம டீச்சரம்மா நமக்காகப் பேச வந்திருக்காங்கன்னு நிமிர்ந்து உக்காருவா. அப்போ உங்க வக்கீல் கேப்பாரு, இந்த மனுவை எந்த ஆபீசுல குடுத்தீங்கன்னு. நான் சொல்லணும்.

ஜெபிச்சுட்டுச் சொல்லுதேன், ரெண்டு நாள் கழிச்சு வாங்கன்னு சொல்லத்தான் நாக்கு வருது. நாப்பது வருஷப் பழக்கம் பாருங்க. இல்லை, எழுதுங்க. இப்பவே எழுதுங்க. அந்தப் பேப்பரை எடுங்க. நான் சொல்லுதேன், அப்படியே எழுதுங்க, அழகுபடுத்த வேண்டாம். வயலட் ஆகிய நான். பங்குனி மாசம் அந்தச் சனிக்கிழமை. தேதி நோட்டுல இருக்கு. ஒயர் மூணு இடத்துல உரிஞ்சிருக்குன்னு முத்துப்பேச்சி சொன்னதை நான் எழுதினேன். இருபத்திரண்டு பேர் கைநாட்டு வச்சாங்க. இதை நான் எந்த ஆபீசுக்கும் கொண்டு போகலை. முதலாளிகிட்டயும் சொல்லலை. மனுன்னு அவங்க நம்பினது எனக்குத் தெரியும். எழுதிட்டீங்களா? 'தெரியும்'ங்கிறதை அடிச்சுடாதீங்க.

குடுங்க. கையெழுத்துக் கோணலா வருது, பரவால்லையா? இருங்க, பையில ஸ்டாம்ப் பேடு கிடக்கு. கைநாட்டும் வச்சிடுதேன். வேண்டாம்னு சொல்லாதீங்க, இருக்கட்டும். பாருங்க. எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு. ஒவ்வொரு கோடும் எண்ணலாம் போல. சாக்பீஸ் பிடிச்ச கை. ஒண்ணும் தேயலை.

சனிக்கிழமை நான் மாடத்தியைப் பார்க்கப் போறேன். கோர்ட்டுல வச்சு அவ கேக்கக் கூடாது, என் வாயால கேக்கட்டும். கையைப் பிடிப்பாளோ, என்ன செய்வாளோ.

நோட்டையும் கொண்டு போங்க. பையில பத்திரமா வைங்க. புறப்பட்டுட்டீங்களா? ஒரு நிமிஷம் நில்லுங்கம்மா. இதை எங்கே கொண்டு போறீங்க? யார் கையில குடுப்பீங்க? அவங்க பேரு என்ன, எந்த ரூமு, எந்த நாளு குடுப்பீங்க? சொல்லிட்டுப் போங்க. பேச்சிக்கு இதையெல்லாம் கேக்கத் தெரியலை.